யாழ்ப்பாணக் கோட்டை எப்பிடி உடைஞ்சது: 1619இல இருந்து இப்ப வரைக்கும்

யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றி எழுதிற ஆக்கள் முக்காவாசிப் பேர் "யுத்தத்தில சேதமடைஞ்சது" எண்டு ஒரு வரியைப் போட்டிட்டு அடுத்த படத்துக்குப் போயிடுவினம். யுத்தம் எண்டது என்ன புயலே, தானா வந்து அடிச்சுப்போட்டுப் போறதுக்கு? ஆர் அடிச்சது, எதால அடிச்சது, எந்தக் கட்டிடம் சண்டைக்குள்ள போனது, எது சண்டை முடிஞ்சாப் பிறகு போனது எண்டு பிரிச்சுப் பாத்தாத்தான் இதில ஏதாவது விளங்கும். பிரிச்சுப் பாத்தால் ஒரு விசித்திரம் தெரியுது. இந்தக் கோட்டைச் சுவரை உடைச்சுக்கொண்டு உள்ளுக்குப் போய் ஒருத்தரும் இதைப் பிடிச்சதில்லை, போர்த்துக்கேயரிட்ட இருந்து பிடிச்ச ஒல்லாந்தரும் இல்லை, ஒல்லாந்தரிட்ட இருந்து எடுத்த வெள்ளைக்காரனும் இல்லை, 1990இல புலிகள் இயக்கமும் இல்லை. ஆனாலும் கோட்டை உடைஞ்சு கிடக்கு.

முதல்ல கட்டின கதையைச் சுருக்கமாச் சொல்லிப்போட்டு வாறன், அது இல்லாமல் மிச்சம் விளங்காது.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்துக்கு மேல கண் வைச்சது 1560இலயே, அப்ப வந்து அடிச்சுப்போட்டு நிலையா நிக்க ஏலாமல் திரும்பினவை. 1591இல திரும்ப வந்து அரசனைக் கொண்டுபோட்டுத் தங்களுக்குத் தோதான ஆளை இருத்தினவை. 1619இல பிலிப் டி ஒலிவேரா வந்தாப் பிறகுதான் கதை முடிஞ்சுது, கடைசி அரசன் சங்கிலி பிடிபட்டு கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்க மரண தண்டனை. ஒலிவேரா முதலில நல்லூரில இருந்தவன், பேந்து பண்ணைக் கடலோரத்தைத் தெரிஞ்செடுத்தான். நல்லூர் கந்தசுவாமி கோயிலை இடிச்சது 1621இல, அந்தக் கல்லெல்லாம் கோட்டைக்குத்தான் போனது எண்டு எங்கட ஆக்கள் தலைமுறை தலைமுறையாச் சொல்லி வருகினம். அது வெறும் கதை எண்டு தள்ளிவிடவும் ஏலாது, ஏனெண்டால் கோட்டைக்குள்ள இருந்து ராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டு ஒண்டு கிடைச்சு அதைப் பேராசிரியர் கா. இந்திரபாலா வாசிச்சு எழுதியிருக்கிறார். பழைய கோயில் கல்லு எண்டு பாராமல் எடுத்து அடுக்கியிருக்கினம் எண்டது மட்டும் நிச்சயம், எந்தக் கோயில் எண்டதில சண்டை பிடிக்கலாம்.

போர்த்துக்கேயற்ற கோட்டை நாலு மூலைச் சதுரம். அற்புத மாதாவின்ர பேரை வைச்சிருந்தவை. 1658 மார்ச்சில ரைக்லொஃப் வான் கூன்ஸ் எண்ட ஒல்லாந்தத் தளபதி வந்து சுத்திவளைச்சவன். கிட்டத்தட்ட மூண்டரை மாசம். உள்ளுக்க கோட்டைக்காரர் மட்டுமில்லை, வெளியில இருந்து ஓடி வந்த சனமும் அடைபட்டிருந்தது, சாப்பாடு முடிஞ்சுது, நோய் பரவிச்சுது, யூன் 22ஆம் திகதி கையைத் தூக்கினவை. ஒல்லாந்தப் படையோட வந்த பாதிரியார் பால்டேயஸ் இதுகளைப் பக்கத்தில நிண்டு பாத்து எழுதி வைச்சிருக்கிறார். கவனிக்க வேண்டியது என்னெண்டால் கோட்டையை வெண்டது பீரங்கியை விட பசிதான். இந்த மூண்டரை மாசக் கணக்கை ஞாபகத்தில வைச்சிருங்கோ, 332 வருசம் கழிச்சுத் திரும்ப வரும்.

ஒல்லாந்தருக்கு சதுரக் கோட்டை பிடிக்கேல்லை. பழசை மாத்தி ஐஞ்சு மூலைக் கோட்டை கட்டினவை, மூலைக்கொரு கொத்தளம், அதுகளுக்குத் தங்கட நாட்டு மாகாணங்களின்ர பேர், ஒல்லாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், ஃபிரீஸ்லாந்து. உள்கோட்டை 1680இல முடிஞ்சுது. பிறகு அதுக்கு வெளியால அகழி, அகழிக்கு அங்கால முக்கோண வெளிக் காவலரண்கள், அதுக்கும் அங்கால சாய்வான மண்மேடு எண்டு இழுத்து இழுத்து 1792இல தான் முழுசா முடிச்சவை. முடிச்சு மூண்டு வருசம், 1795 செப்டம்பர் 28, இங்கிலீசுக்காரன் வாறான், கோட்டை ஒரு சண்டையும் இல்லாமல் கைமாறுது. நூறு வருசத்துக்கு மேல பாடுபட்டுக் கட்டிப்போட்டு ஒரு நாள் கூடப் பாவிக்கேல்லை, இதைவிடப் பகிடி வேற என்ன இருக்கு.

ஆனால் கட்டின விதத்தைக் குறை சொல்ல ஏலாது. ஐஞ்சு கொத்தளமும் ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு நிக்கிற மாதிரி அமைப்பு, சுவரின்ர எந்த அடியில எதிரி வந்து ஒட்டினாலும் பக்கத்துக் கொத்தளத்தில இருந்து அவனுக்கு அடி விழும், ஒளிச்சு நிக்க ஒரு மூலையும் கிடையாது. கல்லு எங்கட கடல் முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். முருகைக்கல் இலேசு, உள்ளுக்க ஓட்டை ஓட்டையா இருக்கும், குண்டு பட்டால் வெடிச்சுப் பிளக்காமல் அந்த இடம் மட்டும் நொறுங்கும். வெளியில கல்லு, நடுவில அடைச்ச மண், குண்டு வந்து விழுந்தால் மண்ணுக்குள்ள புதைஞ்சு போயிடும். நேராச் சுடுற பீரங்கிக்கு இது நல்ல மருந்து. மேலயிருந்து விழுறதுக்கு? மோட்டார் எண்ட, குண்டை மேலால எறியிற குட்டைப் பீரங்கி 17ஆம் நூற்றாண்டிலயும் இருந்ததுதான், ஆனால் அதுக்கு இந்தச் சுவரால ஒரு மறுப்பும் இல்லை. இந்த இடம்தான் பிற்காலத்தில எல்லாத்தையும் தீர்மானிச்சது.

உள்ளுக்க 1706இல கட்டின சிலுவை வடிவத் தேவாலயம் ஒண்டு இருந்தது, குரொய்ஸ் கேர்க் எண்டு பேர். நாலு கையும் ஒரே நீளம், தரை முழுக்க ஒல்லாந்தப் பெரியாக்களின்ர கல்லறைப் பலகைகள். ஆளுநர் வந்தால் தங்கிற மாளிகை, படையாக்களின்ர குடியிருப்பு, சிறைச்சாலை எல்லாம் அந்தச் சுவருக்குள்ளதான். 1905இல சின்ன வயசு அதிகாரியா யாழ்ப்பாணம் வந்த லெனார்ட் வூல்ஃப் குடியிருந்ததும் இந்தக் கோட்டை மதில் மேல இருந்த பங்களாவில. 1980கள் வரைக்கும் ஆசியாவிலயே நல்லா மிஞ்சி நிண்ட ஒல்லாந்தக் கோட்டைகளில இது ஒண்டு, சண்டையே காணாததால.

முற்றவெளி

கோட்டை எண்டால் கனபேருக்குச் சுவர்தான் ஞாபகம் வரும். எனக்கு முற்றவெளிதான் முக்கியம். கோட்டைக்கும் ஊருக்கும் இடையில கிடக்கிற அந்த வெட்டைவெளி சும்மா விட்ட காணியில்லை, அதுவும் கோட்டையின்ர ஒரு உறுப்பு. பீரங்கிக்கு முன்னால வீடோ மரமோ இருக்கக்கூடாது எண்டு வெறுமையா வைச்சிருந்த இடம். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் ஊர், கோட்டையின்ர வாய் ரெண்டு பக்கமும் திறந்திருக்கு. கடலால வாற எதிரிக்குப் பயந்து கட்டினது எண்டு சொல்லுறவை அந்த வெளிக் காவலரண்கள் எல்லாம் எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்குது எண்டு ஒருக்கா வரைபடத்தில பாக்க வேணும். தரைப் பக்கம்தான். எங்கட பக்கம்.

சண்டை இல்லாத வெள்ளைக்காரன் காலத்தில அந்த வெளியின்ர ஓரத்தில ஒவ்வொண்டா முளைக்கத் தொடங்கிச்சுது. வேல்ஸ் இளவரசர் 1875இல இலங்கைக்கு வந்துபோன ஞாபகமா மணிக்கூட்டுக் கோபுரம், பிற்காலத்தில 1959இல திறந்த பொது நூலகம், வீரசிங்கம் மண்டபம், துரையப்பா ஸ்ரேடியம், கொஞ்சம் தள்ளி பெரியாஸ்பத்திரி. ஒரு நகரத்தின்ர பெருமை எண்டு சொல்லக்கூடிய அவ்வளவும் ஒரு கோட்டையின்ர சூட்டெல்லைக்குள்ள. சமாதான காலத்தில இது அழகான ஊர்த் திட்டம், சண்டை காலத்தில எப்பிடி இருக்கும் எண்டு கட்டினவைக்குத் தெரியாது.

1981 மே கடைசி இரவு தொடங்கி நூலகம் எரிஞ்சது, 97,000 புத்தகம் வரையில சாம்பல். அது கோட்டையால விழுந்த ஷெல்லில்லை, தேர்தல் கடமைக்கெண்டு கொண்டுவந்து விட்டிருந்த பொலிஸ்காரர் செய்த வேலை. ஆனால் அதுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில நிக்கிற சீருடையை எங்கட சனம் பாத்த பார்வை மாறிப்போச்சு. அதில இருந்து கோட்டை ஒரு பழைய கட்டிடம் எண்ட நினைப்பு போய் ஆமிக்காம்ப் எண்ட நினைப்பு மட்டும்தான் மிஞ்சினது.

1985க்குப் பிறகு ஆமி வெளியில வர ஏலாமல் உள்ளுக்க முடங்க, தமிழ் ஆயுத இயக்கங்கள் சுத்திவரச் சென்றி, அதாவது காவல், போட்டுக்கொண்டு நிக்க, ரெண்டுக்கும் நடுவில ஊர். உள்ளுக்கிருந்து ஷெல் அடிச்சால் அது எங்க விழும் எண்டு கேக்கத் தேவையில்லை. கடைத்தெரு, குருநகர், ஆஸ்பத்திரி. 1987 யூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோட இந்தியப் படை வந்து அவையும் அதே கோட்டையில இருந்தவை, ஒக்டோபரில அவைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கினது. அந்த மாசம் 21, 22ஆம் திகதிகளில ஆஸ்பத்திரிக்குள்ள நோயாளியள், டொக்டர்மார், நேர்ஸ்மார் எண்டு கனபேர் செத்தது கோட்டைப் பக்கத்தால முன்னேறின படையின்ர கையால. போர்த்துக்கேயன், ஒல்லாந்தன், இங்கிலீசுக்காரன், சிங்கள ஆமி, இந்திய ஆமி எண்டு ஆள் மாறிச்சுது, பீரங்கிக் குழல் பாத்த திசை மாறேல்லை. கோட்டை உடையேக்க யாழ்ப்பாணத்தில கனபேருக்கு ஏன் கவலை வரேல்லை எண்டு கேக்கிற ஆக்களுக்கு என்ர பதில் இதுதான்.

107 நாள்

இந்தியப் படை 1990 மார்ச்சில போச்சுது. யூன் 10, 11 வாக்கில புலிகளுக்கும் அரசாங்கத்துக்கும் திரும்பச் சண்டை வெடிச்ச உடன கோட்டை சுத்திவளைக்கப்பட்டது. உள்ளுக்க ஆமியும் பொலிசும். வெளியில ஊர்ப்பக்கம் முழுக்கப் புலிகள், கடல்பக்கம் மட்டும் கொஞ்சம் திறப்பு, அதுவும் பண்ணைக் கடல் ஆழமில்லாத பரவைக் கடல், பெரிய கப்பல் கிட்ட வராது, வாற போட்டுக்குக் கரையில இருந்து சூடு விழும். அதால சாப்பாடு, மருந்து, சன்னம் எல்லாம் மேலயிருந்து போட வேண்டியதாப் போச்சு. போடுறதில ஒரு பங்கு வெளியில விழும்.

ரெண்டு பக்கமும் பாவிச்ச ஆயுதத்தைப் பாருங்கோ. புலிகள் மோட்டாரால அடிச்சவை. மோட்டார் எண்டது சுவரோட மினக்கெடாது, மேல எழும்பிப் போய் சுவருக்கு அங்கால உள்ளுக்க விழும். ஒல்லாந்தரின்ர அகழி, வெளியரண், கொத்தளக் கணக்கு ஒண்டுக்கும் அங்க வேலையில்லை. அதனால தான் கோட்டையின்ர வெளிச்சுவர் காயத்தோட நிக்க உள்ளுக்கிருந்த கட்டிடங்கள் முதல்ல போனது. ஓட்டுக்கூரை, மரத்தீராந்தி, முருகைக்கல் சுவர், இதுகள் ஒரு ஷெல்லுக்குத் தாங்காது. அந்தப் பக்கம் விமானப்படை கோட்டையைச் சுத்தி நிண்ட புலிகளுக்கு எண்டு ஊருக்குள்ள குண்டு போட்டது. சியாமாசெட்டி எண்ட குண்டுவீச்சு விமானம் குத்திட்டு வாற சத்தம் கேட்டாச் சனம் பங்கருக்குள்ள, சகடை எண்டு சனம் சொல்லுற போக்குவரத்து விமானம் வந்து பீப்பாய்க் குண்டை உருட்டி விட்டால் எங்க விழும் எண்டு விட்டவனுக்கே தெரியாது. கோட்டையைச் சுத்தி இருந்த நகரப் பகுதி தரைமட்டமாகி முற்றவெளி தானே பெருத்துக்கொண்டு போன மாதிரி ஆச்சு, ஒல்லாந்தன் வெறுமையா விட்டதை விடப் பெரிய வெட்டை. எரிச்சு மிஞ்சி நிண்ட நூலகக் கட்டிடத்துக்கும் இதில திரும்ப அடி.

ஓகஸ்ட் கடைசியில ஆமி தீவுப்பகுதியில இறங்கி மண்டைதீவு வரைக்கும் வந்தது. மண்டைதீவில நிண்டு பாத்தால் கோட்டை நேர எதிரில தெரியும், இடையில பரவைக் கடல் மட்டும். செப்டம்பர் 13ஆம் திகதி அங்கயிருந்து கடலைக் கடந்து ஆக்கள் கோட்டைக்குப் போனவை, நல்ல இழப்போட. கோட்டையைத் தக்கவைக்கத்தான் போகினம் எண்டு ரெண்டு பக்கமும் நினைச்சிருக்க, செப்டம்பர் 26ஆம் திகதி உள்ளுக்க இருந்த எல்லாரையும் எடுத்துக்கொண்டு அதே கடலால பின்வாங்கிப் போட்டினம். 107 நாள். 1658இல நடந்த அதே மூண்டரை மாசம், அதே இடத்தில அதே பிரச்சினை, சுவர் நிக்குது வழங்கல் பாதை இல்லை. ஒரு ராணுவத் தளபதிக்கு ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக் காட்டினால், உந்த இடத்தில ஆக்களை வைச்சிருக்கலாமோ எண்ட கேள்விக்கு யூன் மாசமே விடை வந்திருக்கும் எண்டு நான் நினைக்கிறன். கௌரவப் பிரச்சினையாப் போனதால தான் அவ்வளவு நாள் இழுபட்டது.

முற்றுகை முடிஞ்சு ஒண்டு ரெண்டு மாசத்தில, நவம்பரில, ஆஸ்பத்திரியைச் சுத்தி செஞ்சிலுவைச் சங்கம் பாதுகாப்பு வலயம் ஒண்டை ரெண்டு பக்கத்தின்ரயும் சம்மதத்தோட போட்டது. அதையும் இந்தக் கோட்டைக் கதைக்குள்ள சேக்க வேணும். கோட்டையில குழல் இருக்கும் வரைக்கும் அப்பிடியொரு வலயம் நிண்டிருக்குமோ எண்டது சந்தேகம்தான்.

பிறகு நடந்தது

படிக்கிற ஆக்கள் இந்த இடத்தோட கதை முடிஞ்சுது எண்டு நினைப்பினம். இல்லை. ஆமி போன பிறகு கோட்டை புலிகளின்ர கையில. கொஞ்சக் காலத்திலயே உடைக்கத் தொடங்கினவை. காரணம் விளங்காததில்லை, ஆமி திரும்ப வந்து அதுக்குள்ள இருந்தால் ஊருக்கு மேல ஷெல் அடிக்கிற பழைய கதை தொடங்கும், அதால இருக்க ஏலாமல் பண்ணிவிட வேணும் எண்டது ராணுவக் கணக்கு. அதோட ஒரு மனக்கணக்கும் இருந்திருக்கும், பறங்கியன் காலத்தில இருந்து எங்களை அடக்கி வைச்ச சின்னம் எண்டு. சண்டையில நொறுங்கினது ஒண்டு, சண்டை இல்லாத நாளில ஆற அமர இடிச்சது வேற ஒண்டு. ரெண்டையும் ஒரே "யுத்த சேதம்" எண்ட பெட்டிக்குள்ள போடுறதில எனக்கு உடன்பாடில்லை. காரணம் நியாயமாவும் இருக்கலாம், ஆனால் செய்தது ஆர் எண்டதை மறைக்கத் தேவையில்லை. அதே போல பீப்பாய்க் குண்டு போட்டது ஆர் எண்டதையும் மறைக்கக் கூடாது, கொழும்பில எழுதுறவை முதலாவதை மட்டும் சொல்லுவினம், எங்கட பக்கத்தில எழுதுறவை ரெண்டாவதை மட்டும்.

மூண்டாவது ஒரு ஆள் இருக்கு, அதை ஆரும் கணக்கில எடுக்கிறதில்லை. மழை. கூரை போன கட்டிடத்துக்கு முருகைக்கல் எதிரி, ஏனெண்டால் அந்த ஓட்டைகளுக்குள்ள தண்ணி இறங்கும், சுண்ணாம்புச் சாந்து கரையும், கடல் உப்பு உள்ளுக்க பூத்துக் கல்லைத் தின்னும், இடுக்குக்குள்ள ஆலும் அரசும் வேர் விடும். சாந்தும் கூரையும் இருக்கேக்க 280 வருசம் நிண்ட சுவர் கூரை இல்லாமல் இருபது மாரி நிண்டால் என்ன ஆகும்? குரொய்ஸ் கேர்க் முதல்ல அடி வாங்கினது சண்டையில, மிச்சத்தை முடிச்சதில மழைக்கும் பங்கு இருக்கு.

1995 ஒக்டோபர் கடைசியில வலிகாமம் சனம் முழுக்க ஒரே இரவில இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போக, டிசம்பர் தொடக்கத்தில ஆமி யாழ்ப்பாணத்தைப் பிடிச்சது. கோட்டையும் திரும்ப அவையின்ர கையில. 2009 மே மாதம் யுத்தம் முடியும் வரைக்கும் சாதாரண சனம் கிட்டப் போற இடமில்லை அது. அந்தப் பதினாலு வருசமும் ஒரு கல்லுக்கும் சாந்து வைக்கேல்லை.

திருத்தின கதையும் தோண்டின கதையும்

யுத்தம் முடிஞ்ச கையோட நெதர்லாந்து அரசாங்கத்தின்ர உதவியோட இலங்கைத் தொல்லியல் ஆக்கள் திருத்த வேலை தொடங்கினவை. முதல்ல மதில். விழுந்த முருகைக்கல்லுகளைப் பொறுக்கி அடுக்கி, காணாததுக்குப் புதுக் கல்லு வைச்சு, சுண்ணாம்புச் சாந்தால கட்டி எழுப்பினவை. வேலை மோசமில்லை, கொத்தளத்தில ஏறி நடக்கலாம், பின்னேரத்தில பண்ணைக் கடலில சூரியன் விழுறதைப் பாக்கிறதுக்கு எங்கட பெடியள் பெட்டையள் எல்லாம் வருகினம். ஒரு காலத்தில அந்தப் பக்கம் தலையை நீட்டினாச் சூடு விழுந்த இடத்தில இப்ப செல்ஃபி. அதில எனக்கு ஒரு குறையுமில்லை, நல்ல விசயம்தான்.

குறை எங்க எண்டால், திருத்தினது எந்தக் காலத்துக் கோட்டையை எண்டதில. காசு தந்தது நெதர்லாந்து, கட்டி எழுப்பினது ஒல்லாந்தர் காலத்து உருவம், அது இயல்புதான். ஆனால் திருத்தி முடிஞ்ச மதிலைப் பாக்கிற ஒரு சின்னப் பிள்ளைக்கு இது 1792இல இருந்து இப்பிடியே இருக்குது எண்ட எண்ணம்தான் வரும். 1990இல எந்த இடத்தில உடைப்பு விழுந்தது, எந்தப் பக்கத்தால ஆக்கள் கடலுக்கு இறங்கினவை, எந்தத் துண்டு பிறகு இடிச்சது எண்டு சுவரைப் பாத்துப் பிரிச்சு அறிய வழியில்லை. பழைய கல்லுக்கும் புதுக் கல்லுக்கும் நடுவில ஒரு மெல்லிய கோடு விட்டு, இதுக்கு மேல புதுசு எண்டு காட்டுற பழக்கம் உலகத்தில கனக்க இடத்தில இருக்கு. இஞ்சயும் அதை ஒழுங்காச் செய்திருக்கலாம்.

இன்னொரு பக்கம், குண்டு விழுந்து கிளறின மண் தோண்டுறவைக்கு ஒரு வாசலைத் திறந்து விட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் ஆக்கள் கோட்டைக்குள்ள அகழ்வு செய்தவை, பிறகு 2017இல மத்திய கலாசார நிதியமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின்ர டேர்ஹம் பல்கலைக்கழகமும் சேந்து இறங்கினவை. ஒல்லாந்தத் தரைக்குக் கீழ போர்த்துக்கேயர், அதுக்குக் கீழயும் ஆக்கள் இருந்த தடயம், சீனப் பீங்கான் ஓடுகள், இந்தியப் பக்கத்து மட்பாண்டங்கள். அதாவது பறங்கியன் வந்து இறங்கினது வெறும் மணல் திட்டியில இல்லை, ஏற்கனவே கப்பல் வந்துபோன ஒரு கரையில. கட்டிடம் முழுசா நிண்டிருந்தால் அந்தத் தரையைக் கிளற ஆர் விட்டிருப்பினம்?

குரொய்ஸ் கேர்க்கைத் திரும்பக் கட்ட வேணும் எண்டு இடைக்கிடை ஒரு கதை அடிபடும். எனக்கு விருப்பமில்லை. அந்தக் கல்லுக் குவியல்தான் கோட்டைக்குள்ள 1990ஐக் காட்டுற ஒரே பெரிய இடம், அதையும் படத்தில இருக்கிற மாதிரிக் கட்டி வெள்ளை அடிச்சு விட்டால் அந்த வருசத்துக்குக் கோட்டைக்குள்ள இடமே இல்லாமல் போயிடும். கல்லறைப் பலகைகளில மிஞ்சினதை எடுத்துப் பாதுகாக்கட்டும், நிக்கிற அடிச்சுவர் இனியும் கரையாமல் மேலால சாந்து பூசட்டும், மற்றதை விட்டிடலாம். அதுக்குப் பக்கத்தில ஒரு பலகை வைச்சு 107 நாளையும் திகதி திகதியா எழுதலாம், உள்ளுக்க நிண்டவன் என்ன பாத்தவன், வெளியில சென்றியில நிண்டவன் என்ன பாத்தவன், குருநகரில பங்கருக்குள்ள இருந்த அம்மா என்ன பாத்தவா எண்டு மூண்டு பேற்ற வாக்குமூலத்தையும் மூண்டு மொழியில. ரெண்டு பக்கத்தில நிண்டவையில உயிரோட இருக்கிற ஆக்கள் இப்ப ஐம்பதைத் தாண்டீட்டினம், கேக்கிறதெண்டால் இன்னும் கொஞ்சக் காலத்துக்குத்தான் கேக்கலாம். எழுதிற காசு அந்த மதிலில ஒரு முழத்தைத் திருத்தின காசுக்கும் வராது, அரசாங்கம் செய்யாது எண்டால் பல்கலைக்கழகம் செய்யட்டும், வரலாறு படிக்கிற பிள்ளையள் அங்க ஒவ்வொரு வருசமும் வருகினம்தானே.